கடைசித் தெருவுக்குப் போன கலர்

டேங்க் ஆபரேட்டர் வேலை என்பது, ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் ஏச்சு வாங்குவதற்காகப் பஞ்சாயத்துக்காரர்கள் ஒரு ஆளை அமர்த்தி வைத்திருக்கிற வேலை. ஈச்சங்காட்டுக் காலனியில் அந்த ஆள் சின்னதுரை. குழாயில் தண்ணீர் வந்தால் அவரை யாரும் நினைப்பதில்லை. வராவிட்டால் அவரோடு சேர்த்து அவரைப் பெற்றவளையும் நினைத்தார்கள்.

கவரைப்பேட்டையில் இறங்கி, தேர்வாய் கண்டிகைப் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினால் பாதி வழியில் வருகிறது காலனி. போன தலைமுறை வரைக்கும் நாயுடுமார் கழனியில் நாற்று நட்ட சனம். கழனியெல்லாம் கம்பெனி ஆகிவிட்டது, நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் அதே மண்ணின்மேல் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு காண்ட்ராக்ட் லேபராக நிற்கிறார்கள். மூன்றே தெரு. டேங்குக்குக் கீழே டேங்க் தெரு. நடுவில் சர்ச் தெரு. அதற்கப்புறம் கடைசித் தெரு, அதன் முதுகை ஒட்டி ஒரு கால்வாய், கால்வாய்க்கு அந்தப்பக்கம் பெயிண்ட் கம்பெனியின் சுற்றுச்சுவர்.

தண்ணீர் வருகிற லட்சணத்தைச் சொல்லவேண்டும். டேங்க் தெருக்காரர்கள் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினார்கள். சர்ச் தெருக்காரர்கள் குழாயை வெட்டித் தரைக்குக் கீழே இறக்கி, பள்ளத்துக்குள் குடத்தை வைத்துப் பிடித்தார்கள். கடைசித் தெருவில் பள்ளம் பார்க்கவே பயமாக இருக்கும். ஒரு வீட்டில் முழங்கால் ஆழம் தோண்டினால் அடுத்த வீட்டில் இடுப்பளவு தோண்டுவார்கள், அதற்கடுத்த வீட்டில் பிள்ளையை உள்ளே இறக்கிச் சொம்பால் மொண்டு மேலே கொடுக்கச் சொல்வார்கள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அந்தப் பள்ளங்களில் எப்போதும் ஏதோ ஒரு தண்ணீர் கிடக்கும். இவ்வளவு தோண்டியும் குடம் நிறையாததற்குக் கடைசித் தெரு கண்டுபிடித்து வைத்திருந்த காரணம் ஒன்றே ஒன்று. சின்னதுரையின் மச்சான் வீடு சர்ச் தெருவில் இருக்கிறது.

சின்னதுரையின் மகள் ஜெபா ஒரு தனியார் காலேஜில் சிவில் கடைசி வருஷம் படித்தாள். ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்றபோது கூடப் படிக்கிற பிள்ளைகள் பாலம், கட்டடம் என்று போனார்கள். இவள் மட்டும் காலனிக் குழாயை எடுத்துக்கொண்டாள். வேலியோரம் போன ஓணானை மடியில் எடுத்துக் கட்டிக்கொள்வது என்பார்களே, அதேதான். அவளிடம் அதைச் சொன்னால் அது ப்ளூயிட் மெக்கானிக்ஸ், தண்ணீர் ஓடுகிற கணக்கு என்பாள்.

ஒரு சாயங்காலம் கேழ்வரகுக் களியும் கத்திரிக்காய்க் காரக்குழம்புமாக மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது பேச்சு வந்தது. தவக்காலமான லெந்து நாள், சின்னதுரையின் மனைவி கிரேஸ் ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் கவிச்சி சமைக்கமாட்டாள்.

"தண்ணி எவ்ளோ வேகமா போவுது, எந்தத் தெருவுல நின்னுடுது, கடைசித் தெருவுக்கு வர்றதுக்குள்ள எங்க காணாப்பூடுதுன்னு பாக்கணும் நைனா. அதுக்குத் தண்ணில ஒரு கலர் ஊத்தணும். கலர் எப்ப எங்க வருதுன்னு பாட்டில்ல புடிச்சிக்கினே வந்தா தெரிஞ்சிடும்."

"குடிக்கற தண்ணில கலர் ஊத்துவியா? எம்பொயப்புல மண்ணப் போட்றாத தாயி."

"சாப்புடற கலருதான். கேசரிப் பவுடரு. கல்யாண ஊட்ல நீ எவ்ளோ துன்னிருப்ப. ஃபுல் டேங்க்ல கலந்துட்டா கண்ணுக்கே தெரியாது. காலேஜ்ல ஒரு மெஷின் கீது, அதுக்குதான் தெரியும்."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு இன்னாத்துக்குமே கலரு?"

ஜெபா களியை விழுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சின்னதுரை தலையை ஆட்டினார். அவருக்குப் புரியவில்லை என்பது அவர் தலையாட்டிய வேகத்திலேயே தெரிந்தது.

"பஞ்சாயத்துல கேட்டியா?"

"காலேஜ்லேர்ந்தே கேட்டாங்க. பதிலே வர்ல."

"வர்லன்னா?"

"வேணாம்னு சொல்லல இல்ல."

கிரேஸ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் பெயிண்ட் கம்பெனியின் கேண்டீனில் காய் நறுக்குகிற வேலைக்குப் போகிறவள். "ஊத்திதான் பாரேன்யா. கடைசித் தெருக்காரிங்க என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போறாளுங்க. நீ எங்க அண்ணன் ஊட்டுக்குத் தண்ணிய வுட்டுட்டு அவளுங்க வாயில மண்ணப் போடறியாம். உன் சொல்லத்தான் ஒருத்தரும் நம்பல. இவ படிப்பாவது சொல்லட்டும்."

இப்படியாக முடிவாயிற்று. ஜெபா கும்மிடிப்பூண்டி பஜாரில் கேசரிப் பவுடர் வாங்கப் போனபோது, லெந்து நாளில் உங்கள் வீட்டில் யாருக்குப் பிரியாணி என்று கடைக்காரர் கேட்டாராம். அத்தனையும் பிரியாணிக்குப் போட்டால் ஒரு ஊரே சாப்பிடலாம். அன்றைக்கு ப்ளீச்சிங் பவுடர் போடக்கூடாது, அது கலரைத் தின்றுவிடும் என்று அப்பனுக்குச் சொல்லிவைத்தாள். மோட்டார் ஓடி டேங்க் நிறைந்துகொண்டிருக்கும்போது, தண்ணீர் விழுகிற இடத்தில் ஊற்றவேண்டும், விழுகிற வேகத்தில் தானே கலந்துவிடும் என்றும் சொன்னாள். ஏணியில் தானே ஏறுகிறேன் என்றவளைச் சின்னதுரை விடவில்லை. அந்த இரும்பு ஏணியில் பாதிப் படி துருப்பிடித்து ஆடும்.

பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்னால், பக்கெட்டில் கரைத்த கலரோடு சின்னதுரை டேங்க்மேல் ஏறினார். ஏறுவதற்குள் மோட்டார் நின்றுவிட்டது, கரண்ட் போயிருந்தது. டேங்க் முக்கால்வாசி நிறைந்திருந்தது. கீழே குடங்கள் வரிசையில் வந்துவிட்டன, டேங்க் தெருப் பெண்கள் மேலே பார்த்துக் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சின்னதுரையின் கை, தினமும் ப்ளீச்சிங்குக்குச் செய்கிற வேலையை அதன்பாட்டுக்குச் செய்தது.

அது என்ன வேலை என்றால், முன்னொரு சமயம் கடைசித் தெருக் குழாயில் ப்ளீச்சிங் வாசனையே இல்லை என்று ஒரு ஆபீசர் மூக்கை வைத்துப் பார்த்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அன்றிலிருந்து சின்னதுரை கரைசலை டேங்கில் பரவலாக ஊற்றுவதில்லை. தண்ணீர் வெளியே போகிற வாய்க்கு நேர்மேலாகப் பக்கெட்டைக் கயிற்றில் இறக்கி, அங்கே கவிழ்ப்பார். கீழே வந்து வால்வைத் திறப்பார். ப்ளீச்சிங் பூராவும் ஒரே மூச்சாகக் குழாயில் இறங்கி, எல்லா வீட்டு மூக்கையும் தொட்டுவிட்டுப் போகும். வாசனை போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது. பக்கத்துப் பஞ்சாயத்து ஆபரேட்டர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

கலரையும் அந்த வாயிலேயே கவிழ்த்தார்.

டேங்க் தெருவில் முதல் குடத்தில் வந்தது ரஸ்னா. அப்படித்தான் குடம் வைத்த அம்மாள் நினைத்தாள், குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். மோட்டார் வைத்து உறிஞ்சியவர்கள் வீட்டு மாடித் தொட்டியெல்லாம் செக்கச் செவேல் என்று நிறைந்தது. பிறகு சர்ச் தெரு. கடைசித் தெருப் பள்ளத்தில் பாட்டிலோடு குந்தியிருந்த ஜெபா, கண்ணுக்கே தெரியாது என்று அப்பனிடம் அடித்துச் சொன்ன கலர் தன் கைமேல் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஒரு பாட்டிலைப் பிடித்து மூடினாள், அடுத்த பாட்டிலை எடுக்கக் கை வரவில்லை.

சாதாரண ஊராக இருந்தால், டேங்கில் என்ன விழுந்தது, ஏறிப் பார் என்று சொல்லியிருப்பார்கள். கம்பெனிகளுக்கு நடுவில் குடியிருக்கிற சனத்துக்கு அப்படித் தோன்றாது. கலரில் ஏதாவது வந்தால் அது கம்பெனி விட்டதுதான். அதிலும் பெயிண்ட் கம்பெனி சுவரை ஒட்டி இருப்பவர்களுக்கு யோசிக்க என்ன இருக்கிறது. சர்ச் தெரு குப்புராஜ், அதே கம்பெனி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றான்.

"இத்தினி நாளு கால்வால வுட்டான், கேட்டமா? இப்போ குடிக்கற தண்ணிலயே வுட்டுட்டான். வாங்க, அவன் கேட்டாண்டயே கொண்ணுபோய் வெப்போம்."

பெண்கள் சிவப்புத் தண்ணீர்க் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டே நடந்தார்கள். கம்பெனி கேட்டுக்கு முன்னால் குடங்கள் வரிசையாக உட்கார்ந்தன. நாஷ்டா கூடச் சாப்பிடாத சனம் குடங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தது. சின்னதுரையையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"துரண்ணா, உன் டேங்க்ல தப்பு இல்லன்னு இவங்களாண்ட நீயே சொல்லு," என்றான் குப்புராஜ்.

கேட்டுக்குள்ளே கம்பெனி ஆபீசர்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கேண்டீன் வாசலில், தலையில் வலைத்தொப்பியோடு கிரேஸ் நின்றுகொண்டிருந்தாள். சின்னதுரை அவளைப் பார்த்தார். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"டேங்க்ல தப்பு இல்ல," என்றார் சின்னதுரை.

அவ்வளவுதான், சனம் கொதித்தது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தையைக் கடைசித் தெரு நம்பியது அன்றைக்குத்தான். சின்னப்பொண்ணு என்கிற கடைசித் தெருக்காரி, அவரைப் பார்த்தாலே காறித் துப்புகிறவள், குடிக்கத் தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்துத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஜெபா காலிப் பாட்டில்களோடு அந்த ஒற்றைச் சிவப்புப் பாட்டிலையும் சுவரோரம் வரிசையாக அடுக்கிவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

"நைனா, நான் போட்ட கணக்குக்கும் வந்ததுக்கும் சம்பந்தமே இல்ல. ஃபுல் டேங்க்ல கலந்தா இவ்ளோ செகப்பு வரவே வராது. எப்பிடி ஊத்தின? நடந்தத அப்பிடியே சொல்லு."

சின்னதுரை சொன்னார். கரண்ட் போனது, குடங்கள் காத்திருந்தது, பக்கெட்டை இறக்கியது, வாய்க்கு நேராகக் கவிழ்த்தது.

ஜெபா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தண்ணி வுழற எடத்துல ஊத்துன்னா, குழா வாயிலயே ஊத்திக் கீற."

"தெனம் அப்பிடிதானமே ஊத்தறேன். கடைசித் தெருவுக்குப் போவ வேணாமா?"

"போச்சுதே, நல்லாவே போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பனுக்கும் வந்தது. ரெண்டு பேரும் கேனத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது கிரேஸ் உள்ளே வந்தாள். பின்பக்கக் கேட் வழியாக அனுப்பினார்களாம். கேட் திறக்கிற வரைக்கும் ஈச்சங்காட்டுப் பொம்பளைகள் யாரும் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டானாம்.

"சிரிக்கறீங்களா அப்பனும் பொண்ணும்? நல்லா சிரிங்க. ஊரே உலையேத்தாம ரோட்ல குந்திக்கினு கீது." தொப்பியைக் கழற்றிச் சுவரில் அடித்தாள். "ஒரே பேஜாரா போச்சு. போய்ச் சொல்லிடுங்களேன்."

"நான்தான் சொல்லணும். நானே போறேன்," என்றாள் ஜெபா.

"நீ வாய மூடு." சின்னதுரைக்கு அப்போதுதான் பயம் வந்தது, வந்தது மொத்தமாக வந்தது. "குடிக்கற தண்ணில கலந்தான்னா போலீஸ் கேஸுமே. பர்மிசன் கீதான்னு கேப்பான். டீவிக்காரன் வேற வந்துக்கீறான், உன் போட்டோவப் போடுவான். காலேஜ்ல பரிச்ச எழுத வுடுவானா? இந்த ஊட்லேர்ந்து காலேஜ் வாசப்படி மிதிச்சது நீ ஒருத்திதான். ஒருத்தரும் சொல்ல வேணாம். தானா அடங்கிடும்."

"அவங்க செய்யாத தப்புக்கு..."

"கம்பெனிக்காரன் இன்னா யோக்கியனா? கால்வால அவன் வுடாததா?"

விடுகிறான் என்று காலனியில் எல்லோரும் சொல்வார்கள். விட்டதைப் பார்த்தேன் என்று சொல்ல ஒருவர் கிடையாது. சின்னதுரை கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட ஆள் மாதிரி வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். பொய் சொன்னதற்குத் தண்ணீர்ப் பாக்கெட் கிடைக்கிறது. உண்மையைச் சொன்னால் மகள் ஜெயிலுக்குப் போவாள் போலிருக்கிறது. ஜெபம் பண்ணலாம் என்று முட்டிபோட்டார். எதைக் கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் அடங்கவில்லை. அன்றைக்குக் குழாயில் சுத்தமான தண்ணீர்தான் வந்தது, டேங்க் தெருவிலும் சர்ச் தெருவிலும். கலர் வந்த வேகத்தில் போய்விட்டது. ஜெபா விடிந்ததும் பாட்டிலை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வாசலில் ப்ளீச்சிங் பக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்த சின்னதுரைக்கு எதிரே வந்து, ஒரு பாட்டிலை நீட்டினாள்.

"இது கடைசித் தெரு. இப்ப புடிச்சேன்."

உள்ளே இருந்தது சிவப்பு இல்லை. கறுப்பு. அடியில் மசி மாதிரி படிந்திருந்தது. மூடியைத் திறந்ததும் தின்னர் வாசனையா சாக்கடை வாசனையா என்று தெரியாத ஒரு நாற்றம்.

"இதுவும் நம்முதா?" என்றார் சின்னதுரை.

"நம்முது எப்பிடி நைனா கறுப்பாவும்?"

"பின்ன இது எங்கேர்ந்து வருது?"

"சின்னப்பொண்ணு அத்த சொல்லுச்சு, மொதல்ல கொஞ்சம் இப்பிடிதான் எப்பவும் வருமாம். கீழ ஊத்திட்டு அப்பால புடிப்பாங்களாம். யாராண்ட சொன்னாலும் பள்ளத்துத் தண்ணி வுழுந்திருக்கும்னு சொல்லிட்றாங்களாம்." ஜெபா அங்கேயே குந்தினாள். "எனக்குத் தோண்றது இன்னான்னா, டேங்க் தெருவுல மோட்டாரு போட்டு உறியறாங்க இல்ல, அப்ப கடைசித் தெருக் குழாயில தண்ணி நின்னுபோய், அது உள்பக்கமா உறிய ஆரம்பிச்சுடும். ஜாயின்ட்டு எங்கனா விட்டிருந்தா வெளிய கீற அழுக்கையும் சேத்து உறியும். பள்ளத்துல கீறத, கால்வால கீறத."

"அப்ப தப்பு மோட்டாரு வெச்சவன் மேலயா, பள்ளம் தோண்டினவன் மேலயா, கம்பெனி மேலயா?"

"தெரில நைனா."

"நாலு வருஷம் படிச்சுட்டு தெரிலன்ற."

"லேப்ல கொடுத்துப் பாத்தாதான் தெரியும். எங்க காலேஜ் சார்கிட்ட போன்ல கேட்டேன். கணக்கு ஒத்துப்போவலன்னா, தண்ணி இன்னா பண்ணுச்சுன்னு கேக்காத, மொதல்ல நீ இன்னா பண்ணன்னு பாருன்னாரு. நாம பண்ணது செகப்பு. அத்தத் தனியா எடுத்து வெச்சாதான் மிச்சம் கீறது இன்னான்னு தெரியும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது சின்னதுரைக்கு. பூதத்துக்கும் தனக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதுதான் விளங்கவில்லை.

அந்த நேரத்தில் சின்னப்பொண்ணின் பிள்ளையை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாந்தியும் பேதியும். கடைசித் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் அதே கதை. கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன குடித்தான் என்று கேட்டதற்கு, கூடப்போனவர்கள் பெயிண்ட் கலந்த தண்ணீர் என்றார்களாம். பெயிண்ட் என்றால் இங்கே வைத்துப் பார்க்க முடியாது, சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதாகச் செய்தி வந்தது.

"கேசரிப் பவுடர்ல வாந்தி வருமா தாயி?" என்றார் சின்னதுரை.

"வராது. அவன் குடிச்சது இந்தக் கறுப்பு வர்ற குழாத் தண்ணி. டாக்டர் பெயிண்ட்னு நெனச்சுக்கினு வேற வைத்தியம் பாக்கறாங்க. செகப்பு பெயிண்ட் இல்லன்னு யாராவது சொன்னாத்தான், வேற இன்னான்னு தேடுவாங்க."

சின்னதுரை பக்கெட்டை அப்படியே போட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார். ஜெபா எழுந்தாள். நீ வரக்கூடாது என்றார். கிரேஸிடம், பொண்ணை வெளியே விடாதே என்றார். இரண்டு பேரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தே சொன்னார். முதலில் போனில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பிடித்து சிவப்பு கேசரிப் பவுடர்தான் என்று டாக்டரம்மாவிடம் சொல்லச் சொன்னார். பிறகு கேட்டுக்கு நடந்தார்.

அங்கே ஒன்றிய ஆபீசிலிருந்து ஆபீசர் துளசிராமன் வந்திருந்தார். நல்ல மனுஷன் என்றுதான் பேர். புங்கமரத்து நிழலில் நாற்காலி போட்டு, கம்பெனி கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, ஒருபக்கம் குப்புராஜும் மறுபக்கம் கம்பெனிக்காரர்களும் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னதுரை அவருக்கு முன்னால் போய் நின்று, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னார். கேசரிப் பவுடர். மகள் ப்ராஜெக்ட். பர்மிசன் கேட்டுப் பதில் வராதது. தான் ஊற்றிய விதம்.

குப்புராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"உம்பொண்டாட்டிய பர்மனன்ட் பண்றேன்னு கம்பெனிக்காரன் சொன்னானா?"

"இன்னா குப்பு?"

"நேத்து இதே எடத்துல நின்னுக்கினு டேங்க்ல தப்பு இல்லன்ன. ராத்திரிக்குள்ள கேசரி கிண்டிட்டியா? பொம்பளைங்க கேண்டீனுக்குப் போறவங்களாச்சே, பேசி முடிச்சுட்டீங்க."

"சத்தியமா சொல்றேன் குப்பு. ஆண்டவர் மேல சத்தியமா."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நேற்றைக்குப் பொய்யை நம்பி அவர் தோளில் கைபோட்டு உட்கார வைத்த சனம், இன்றைக்கு உண்மைக்குக் காறித் துப்பியது. சின்னதுரைக்குக் காது அடைத்துவிட்டது. வரக்கூடாது என்று சொன்னவர்கள் இரண்டு பேரும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜெபா கையில், கடைசித் தெருவில் பிடித்த சிவப்புப் பாட்டில்.

துளசிராமன் பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். காலையிலிருந்து இறுகியிருந்த அவர் முகம் தளர்ந்தது.

"கேசரி கலர்தான்யா. அவ்வளவுதானா விஷயம்."

கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து சின்னப்பொண்ணு வந்தாள். பிள்ளைக்கு ட்ரிப்ஸ் ஏறுகிறது, ஸ்டான்லிக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தவள், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஆபீசரின் காலடியில் வைத்தாள்.

"அது கேசரின்னா இது இன்னா சார்? இது வர்ற குழாத் தண்ணியதான் எம்புள்ள குடிச்சது."

கறுப்பு. துளசிராமன் அதைக் குனிந்து பார்த்தார், எடுக்கவில்லை.

"சார், எங்க கலர் நேத்தே போயிடுச்சு," என்றாள் ஜெபா. "இது எங்க கலர் இல்ல. ரெண்டையும் லேபுக்கு அனுப்புங்க."

"நீதான் அந்தப் பொண்ணா? உக்காரும்மா." துளசிராமன் குரலைத் தாழ்த்திச் சின்னதுரையைப் பக்கத்தில் கூப்பிட்டார். நிஜமாகவே அன்பாகத்தான் பேசினார். "இதோ பாருப்பா. குடிதண்ணில பர்மிசன் இல்லாம கலந்தது பெரிய குத்தம். கேஸ் போட்டா இந்தப் பொண்ணு வாழ்க்கை போச்சு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. நான் கேஸ் ஆக்கல. ஒண்ணே ஒண்ணு செய். வந்த கலர் எல்லாம் நாங்க ஊத்தினதுதான், வேற ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. வீடியோ எடுத்து மேல அனுப்பிட்டா முடிஞ்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

"இந்தக் கறுப்பு சார்?"

"அது உன் வேலை இல்லப்பா. அப்புறம் பாத்துக்கலாம்."

சின்னதுரை திரும்பிப் பார்த்தார். சின்னப்பொண்ணு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்க ஊட்டுத் தண்ணி, ண்ணா?" என்றாள்.

ஆபீசரின் உதவியாளன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். சின்னதுரை கிரேஸைப் பார்த்தார். கிரேஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எதுனா ஒண்ணச் சொல்லித் தொலையேன்யா," என்றாள். எதை என்று அவளுக்கும் தெரியவில்லை. ஜெபா, ஆபீசர் கீழே வைத்த சிவப்புப் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு அப்பனையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

போனில் சிவப்புப் புள்ளி எரிந்தது. சின்னதுரை வாயைத் திறந்தார், என்ன வரப்போகிறது என்று அவருக்கே தெரியாது.

"செகப்பு என்னுது. கறுப்பு என்னுது இல்ல."

"நிறுத்து, நிறுத்து. திரும்ப எடு," என்றார் துளசிராமன். "சொன்னது புரியலையா உனக்கு? எல்லாம் என்னுதுன்னு சொல்லு."

இரண்டாவது தடவையும் போன் ஓடியது. "செகப்பு என்னுது சார். கறுப்பு என்னுது இல்ல."

துளசிராமன் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "உன் பொண்ண நினைச்சுப் பாருய்யா."

சின்னதுரை நினைத்துப் பார்த்தார். கட்டின புடவையோடு அவர் அம்மா நாயுடு கழனியில் நின்றது வரைக்கும் போய், திரும்பிவந்து, மகள் முகத்தில் நின்றார். கண்ணில் தண்ணீர் நிறைந்து எதிரே இருந்த போன் தெரியவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம்பேரு சின்னதுரை. ஈச்சங்காடு டேங்க் ஆபரேட்டர். செகப்பு நான் ஊத்தினது, அதுக்கு இன்னா வேணா பண்ணுங்க. கறுப்ப யார் ஊத்தினதுன்னு எனக்குத் தெரியாது. எம்பொண்ணுக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லணும்."

சின்னப்பொண்ணு குனிந்து கறுப்புப் பாட்டிலை எடுத்து, படத்தில் விழும்படி அவர் முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தச் சொல்லி ஆபீசர் கை காட்டுவதற்குள் ஜெபாவும் வந்து, சிவப்புப் பாட்டிலோடு அவருடைய இன்னொரு பக்கத்தில் நின்றுவிட்டாள். அவளைத் தள்ளிப் போ என்பதா, கையைப் பிடித்துக்கொள்வதா என்று சின்னதுரைக்குத் தெரியவில்லை. போன் ஓடிக்கொண்டே இருந்தது.